கண்மண் தெரியாத கோபமும் மூளை ரசாயனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்முறைக் குற்றம் செய்தவர்களின் மூளையில் என்ன வித்தியாசம் என்று சுமார் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் முக்கியமான பங்கு பின்லாந்தில் நடந்தது. கொஞ்சம் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் நடந்தது. இந்த ஆய்வுகள் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

கொலை செய்பவர்கள் மூளையில் ஏதோ ரசாயனம் குறைவு என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. "கொலை செய்பவர்கள்" என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டால் தப்பு. யோசிக்க நேரமில்லாமல், அந்த நொடி ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் செரோடோனின் என்ற ரசாயனம் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நோட்டம் பார்த்து, கூலிக்கு ஆள் பிடித்து, பணத்துக்காகக் கொல்பவரிடம் அந்தத் தடயம் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுத் தலைப்புச் செய்தி எழுதும்போதுதான் குழப்பமே தொடங்குகிறது.

செரோடோனின் 'மகிழ்ச்சி ரசாயனம்' தானே? அதற்கும் அடிதடிக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பட்டம் பத்திரிகைகள் கொடுத்தது. உடம்பில் இருக்கும் செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, மூளையில் இருப்பது சொற்பம். மூளைத் தண்டில் ராஃபே என்ற சிறிய நரம்பணுக் கூட்டங்கள் உள்ளன. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளை முழுவதும் பரவி, தூக்கம், பசி, வலி, மனநிலை என்று பலவற்றில் கை வைக்கின்றன.

நமக்கு இங்கே வேண்டியது அதன் இன்னொரு வேலை. ஒன்றைச் செய்யத் தோன்றிய பிறகும் செய்யாமல் பொறுத்திருக்கிறோமே, அதில் செரோடோனினுக்குப் பங்கு உண்டு. அதைக் கடிவாளம் என்று வைத்துக்கொள்ளலாம். குதிரை வேறு, கடிவாளம் வேறு. கோபத்தை உண்டாக்குவது செரோடோனின் குறைவு அல்ல. வந்த கோபத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் தளர்ந்துபோகிறது.

உயிரோடு இருப்பவர் மூளைக்குள் இருக்கும் ரசாயனத்தை எப்படி அளந்தார்கள்?

நேரடியாக அளக்கவில்லை. ரத்தத்தில் பார்த்தும் பயனில்லை. குடலில் உண்டாகும் செரோடோனின் மூளைக்குள் போகாது, மூளையில் உள்ளது அப்படியே வெளியே வராது. அதனால் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள்.

செரோடோனின் தன் வேலை முடிந்ததும் சிதைக்கப்பட்டு 5-ஹைட்ராக்ஸி இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. சுருக்கமாக 5-எச்.ஐ.ஏ.ஏ. என்பார்கள், இனி 'கழிவு' என்றே சொல்கிறேன். இந்தக் கழிவு மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரில் கலக்கிறது. பிரசவ அறுவைக்கு முன் முதுகில் மரத்துப்போக ஊசி போடுவார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே இடம்தான். இடுப்புப் பக்கம் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கி, சில மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேகரிப்பார்கள். முந்தைய இரவிலிருந்து அந்த ஆள் சாப்பிடக் கூடாது, படுக்கையை விட்டு எழக் கூடாது, காலையில் எழுந்து நடமாடும் முன் ஊசி போட்டாக வேண்டும். எழுந்து நடந்தாலே நீர் கலங்கி அளவு மாறிவிடும். உயரமானவர்களிடம் கழிவின் அளவு இயல்பாகவே குறைவாகத் தெரியும் என்பதால் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும் கிடைப்பது கழிவின் அளவுதான், செரோடோனினின் அளவு அல்ல. இதை மறந்துவிடாதீர்கள். மரபணு பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

இதை முதலில் கண்டுபிடித்தது குற்றவியல் ஆட்களா?

இல்லை. தற்கொலையை ஆராய்ந்தவர்கள்.

ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மரி ஓஸ்பெரி என்ற மனநல மருத்துவர் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கடும் மனச்சோர்வில் இருந்த 68 நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரைப் பார்த்தார். அவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். கழிவு குறைவாக இருந்தவர்கள் 20 பேர், மற்றவர்கள் 48 பேர். குறைவானவர்களில் 8 பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள், மற்றக் கூட்டத்தில் 7 பேர். முதல் கூட்டத்தில் ஐந்தில் இரண்டு, மற்றதில் ஏழில் ஒன்று. இன்னொன்றும் கண்ணில் பட்டது. குறைவானவர்கள் தேர்ந்தெடுத்த வழிகள் கொடூரமானவையாக இருந்தன. எவ்வளவு சோர்வு என்பதைவிட, சோர்வு வந்தபோது எவ்வளவு மூர்க்கமாகத் தன்மேல் பாய்ந்தார்கள் என்பதோடுதான் அந்தக் கழிவு ஒட்டிப்போனது.

1979-ல் அமெரிக்காவில் ஜெரால்டு பிரவுன், ஃபிரெடரிக் குட்வின் ஆகியோரின் குழு, ராணுவப் பணியில் இருந்த, ஆளுமைக் கோளாறு உள்ள 26 ஆண்களைப் பார்த்தது. சிறுவயதிலிருந்து எத்தனை சண்டை, எத்தனை முறை ஒழுங்கு நடவடிக்கை என்று வாழ்க்கை வரலாற்றை வைத்து மதிப்பெண் போட்டார்கள். சண்டை மதிப்பெண் ஏற ஏறக் கழிவு இறங்கியது. அவர்களிலும் தற்கொலைக்கு முயன்றவர்களுக்கு அது இன்னும் குறைவு.

பின்லாந்து ஆய்வு என்று எல்லோரும் சொல்வது எது?

1983-ல் மார்க்கு லின்னொய்லா, மாத்தி விர்க்குனென் இருவரின் குழு வெளியிட்டது. பின்லாந்தில் கொடுங்குற்றம் செய்தவரை நீதிமன்றம் முழுமையான மனநலப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஒரு நாள் பேசிப் பார்த்து அறிக்கை எழுதுவதில்லை, வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம், குடும்பம், பழைய வழக்குகள் எல்லாம் கோப்பில் சேரும். இப்படிப்பட்ட கோப்பும், வாரக்கணக்கில் குடிக்காமல் மாத்திரை எடுக்காமல் இருக்கும் ஆட்களும் ஒரே இடத்தில் கிடைப்பது உலகில் அபூர்வம். மூளை ரசாயன ஆய்வு பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் வேர்விட்டதற்கு இது பெரிய காரணம்.

கொலை அல்லது கொலை முயற்சி செய்த 36 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். செய்த குற்றத்தின் தன்மையைப் பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். உந்துதலில், முன்யோசனை இல்லாமல் செய்தவர்கள் 27 பேர். திட்டமிட்டுச் செய்தவர்கள் 9 பேர். முதல் கூட்டத்தில் கழிவு தெளிவாகக் குறைவாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளும் மிகக் குறைந்த அளவு யாருக்கு என்றால், தற்கொலைக்கு முயன்ற அனுபவமும் இருந்தவர்களுக்கு.

என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் பெரிய பங்களிப்பு ரசாயனம் அல்ல, பிரித்த விதம்தான். அதுவரை 'வன்முறையாளர்' என்று ஒரே பெயரில் அடைத்துவைத்ததை, எப்படிச் செய்தார் என்பதை வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். மற்றபடி 9 பேரை வைத்துக்கொண்டு ஒரு முடிவை உலகத்துக்கே சொல்வது துணிச்சல்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தன்னையே அழித்துக்கொள்வதும் பிறரைத் தாக்குவதும் எதிரெதிர் குணங்கள் இல்லையா?

அப்படித்தான் நினைக்கத் தோன்றும். சாதுவானவர் உள்ளுக்குள் புழுங்கித் தன்னை மாய்த்துக்கொள்வார், முரடர் ஊரை அடிப்பார் என்று நமக்கு ஒரு படம் உண்டு. ஆனால் சிறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் பொருந்துவதில்லை. கையை அறுத்துக்கொள்வது, தலையைச் சுவரில் மோதுவது, கிடைத்ததை விழுங்குவது, தூக்குப் போட முயல்வது, இவையெல்லாம் சக கைதியை அடித்த அதே ஆளிடம், சில சமயம் அதே வாரத்தில் நடக்கின்றன.

ஸ்வீடனில் லார்ஸ் லிட்பெரியும் ஓஸ்பெரியும் சேர்ந்த குழு 1985-ல் கொலை செய்தவர்களின் முதுகுத்தண்டு நீரைப் பார்த்தது. மனைவியையோ காதலியையோ கொன்றவர்களுக்குக் கழிவு குறைவாக இருந்தது. இப்படிப்பட்ட கொலைகளுக்குப் பின் அந்த ஆள் தன்னையும் கொல்ல முயல்வது நடப்பதுதான். 'மனைவியைக் கொன்றுவிட்டுத் தானும் தற்கொலை' என்ற செய்தியை வாரம் ஒருமுறையாவது படிக்கும் நமக்கு இது புதிதல்ல. குறி யார் என்பதைச் சூழ்நிலை தீர்மானிக்கிறது. எதிரில் யார் இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது, அவமானமா பொறாமையா, எவ்வளவு குடித்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் சேரும். நிறுத்திக்கொள்ள முடியாமை மட்டும் இரண்டிலும் பொது.

ஆனாலும் ஜாக்கிரதை: தற்கொலை எண்ணம் உள்ளவர் பிறரைத் தாக்குவார் என்று இதைத் திருப்பிப் படிக்கக் கூடாது. மனச்சோர்வில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதே இல்லை.

தீ வைப்பவர்களும் இந்தப் பட்டியலில் வருகிறார்களாமே?

ஆமாம். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தீ வைப்பவர்கள் அல்ல. திடீர் உந்துதலில் வைக்கோல் கொட்டகையையோ காலி வீட்டையோ கொளுத்துபவர்கள். 1987-ல் விர்க்குனென் குழு இப்படிப்பட்ட 20 பேரையும், அடிதடிக் குற்றவாளிகள் 20 பேரையும், எந்தக் குற்றமும் செய்யாத 10 பேரையும் ஒப்பிட்டது. தீ வைத்தவர்களிடம் செரோடோனின் கழிவு மிகக் குறைவு, நோர்எபிநெஃப்ரின் என்ற இன்னொரு ரசாயனத்தின் கழிவும் குறைவு. ஓர் உயிரைக்கூட நேரடியாகத் தாக்காதவர்கள் அடிதடிக்காரர்களைவிடக் கீழே இருக்கிறார்கள் என்றால், இந்த அளவு வன்முறையை அளக்கவில்லை, உந்துதலை அளக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது.

இதே ஆட்களிடம் சர்க்கரைக் கரைசல் கொடுத்து ரத்தச் சர்க்கரையைப் பார்த்தபோது, பலருக்கு அது ஏறிய வேகத்தில் சாதாரண அளவுக்கும் கீழே சரிந்தது. மறுபடி குற்றம் செய்தவர்களிடம் இந்தச் சரிவு அதிகம் என்றும் பிறகு எழுதினார்கள். சுவாரசியமான விஷயம். ஆனால் இதை வைத்து "பசியில் இருந்தான், அதனால் கொன்றான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குரங்குகளை வைத்தும் பார்த்தார்கள் என்று படித்தேன்.

இந்த முழுத் துறையிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. குரங்குக்குச் சிறையும் இல்லை, சாராயமும் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் படம் தெளிவாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவில் மார்கன் தீவு என்ற இடத்தில் ரீசஸ் குரங்குகள் ஆயிரக்கணக்கில் சுதந்திரமாகத் திரிகின்றன. டீ ஹிக்லி, லின்னொய்லா ஆகியோரின் குழு அங்கே இளம் ஆண் குரங்குகளைப் பிடித்து, முதுகுத்தண்டு நீர் எடுத்து, அடையாளம் போட்டு விட்டுவிட்டது. அப்புறம் தொலைவில் நின்று கவனித்தார்கள். கழிவு குறைவாக இருந்தவை, விழுந்தால் செத்துப்போகும் உயரத்தில் கிளைக்குக் கிளை நீளமான தாவல் தாவின. சண்டையில், முறைத்தல், பல்லைக் காட்டல் என்ற மிரட்டல் கட்டத்தோடு நிற்காமல் கடைசிவரை போயின. தன்னைவிடப் பெரிய குரங்கோடும் மோதின. உடம்பெல்லாம் தழும்பு. கூட்டத்திலிருந்து மற்றவற்றைவிடச் சின்ன வயதிலேயே விரட்டப்பட்டன.

1996-ல் வந்த முடிவு இது: 49 குரங்குகளில் நான்கு ஆண்டுகளுக்குள் செத்தவை, காணாமல் போனவை எவை என்று பார்த்தால், மிகக் குறைந்த கழிவு கொண்ட கால்பங்குக் கூட்டத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டன. மிக அதிகமாக இருந்த கால்பங்கில் ஒன்றுகூடச் சாகவில்லை. தற்கொலை என்ற எண்ணமே இல்லாத ஒரு பிராணியிடம் தன்னை அழித்துக்கொள்ளும் நடத்தை என்று எதையாவது சொல்ல முடியும் என்றால், அது இதுதான்.

தாயிடமிருந்து பிரித்து, சம வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்த்த குரங்குகளுக்கும் இந்தக் கழிவு குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறவியில் வந்ததை மட்டும் குறை சொல்ல முடியாது.

குடி எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும் வருகிறது. பின்லாந்தில் கொலைகளில் பெரும்பான்மை, குடித்தவர்கள் இன்னொரு குடித்தவரைக் கொல்வதாகவே இருந்திருக்கிறது. பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில், விடுமுறை நாளில், சமையலறைக் கத்தியால். காலையில் போலீஸ் வரும்போது குற்றவாளி அதே வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். விர்க்குனென் பார்த்த ஆட்களில் பெரும்பாலோருக்கும் இளம் வயதிலேயே குடிப்பழக்கம் தொற்றியிருந்தது.

ஆகவே ஒரு நியாயமான கேள்வி: நாம் பார்ப்பது வன்முறையின் ரசாயனமா, நீண்டநாள் குடியின் ரசாயனமா? இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியவில்லை. கழிவு குறைவானவர்கள் சீக்கிரமே குடிக்கத் தொடங்குகிறார்கள், குடி மறுபடி செரோடோனினைக் கெடுக்கிறது, போதை ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச நிதானமும் போகிறது. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பார்கள். அவன் குடித்தும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நடைமுறையில், ஒரே ஒரு காரணத்தைக் கை வைத்து மாற்றலாம் என்றால் நான் மது விற்பனையைத்தான் தேர்ந்தெடுப்பேன், எந்த மாத்திரையையும் அல்ல.

'கொலைகார மரபணு' என்று ஒன்று இருக்கிறதா?

இல்லை. ஆனால் மூன்று ஆய்வுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நெதர்லாந்து, 1993. ஹான் புருனர் என்ற மரபியலாளரிடம் ஒரு குடும்பம் வந்தது. அதன் ஆண்கள் பலர் அறிவு வளர்ச்சி சற்றுக் குறைந்தவர்கள். திடீர்க் கோபம், தீ வைப்பு, பாலியல் தாக்குதல் என்று தலைமுறை தலைமுறையாகக் கதைகள். எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதியை உண்டாக்கும் மரபணு அவர்களிடம் உடைந்திருந்தது. அந்த நொதிதான் செரோடோனினைச் சிதைத்துக் கழிவாக்குவது. இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நொதி இல்லை என்றால் கழிவு குறையும், ஆனால் செரோடோனின் சிதையாமல் மூளையில் தேங்கும்! அதாவது, கழிவு குறைவு என்றால் செரோடோனின் குறைவு என்ற எளிய சமன்பாடு இந்தக் குடும்பத்திடம் தலைகீழாகிறது. இப்படி மரபணு முழுக்க உடைந்த குடும்பங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இரண்டாவது, நியூசிலாந்தின் டனிடின் நகரம், 2002. அங்கே 1972–73-ல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவ்ஷலோம் காஸ்பியும் டெர்ரி மொஃபிட்டும் அவர்களில் ஆண்களை எடுத்துப் பார்த்தார்கள். எம்.ஏ.ஓ.ஏ. மந்தமாக வேலை செய்யும் சாதாரண வகை, மூன்றில் ஒரு பங்கு ஆண்களுக்கு இருக்கக்கூடிய ஒன்று, தனியாக எதையும் செய்யவில்லை. சிறுவயதில் அடி, உதை, கொடுமை அனுபவித்தவர்களிடம் சேர்ந்தபோதுதான் வன்முறை எகிறியது. இதற்கு ஊடகங்கள் 'போர்வீரர் மரபணு' என்று பெயர் வைத்தன. மோசமான பெயர். மூன்றில் ஒரு பங்கு ஆண்கள் போர்வீரர்கள் என்றால் ஊர் தாங்குமா?

மூன்றாவது மறுபடி பின்லாந்து, 2010. செரோடோனின் வந்து ஒட்டிக்கொள்ளும் 2பி ஏற்பி என்ற புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும் ஒரு மரபணு மாற்றத்தை டேவிட் கோல்ட்மேன், லாரா பெவிலாக்குவா குழு கண்டுபிடித்தது. பின்னியர்களிடம் மட்டுமே தென்பட்டது. மக்கள்தொகையில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல், உந்துதலில் வன்முறை செய்த குற்றவாளிகளிடம் சுமார் மூன்று மடங்கு. அந்த மாற்றம் உள்ள குற்றவாளிகள் செய்த குற்றங்களில் மிகப் பெரும்பாலானவை போதையில், அற்பச் சண்டையில் தொடங்கியவை.

அப்படியானால் பரிசோதனை செய்து முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாமே?

முடியாது. இப்போது சொன்ன மரபணு மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்தில் அதைச் சுமப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த ஆய்வு வந்த காலத்தில் அங்கே ஆண்டுக்கு நடந்த கொலைகள் நூற்றைச் சுற்றி. எல்லாக் கொலையையும் இவர்களே செய்தார்கள் என்று அபத்தமாக வைத்துக்கொண்டாலும், ஆயிரத்தில் 999 பேர் அந்த ஆண்டில் யாரையும் கொல்லவில்லை. அந்த ஒரு லட்சம் பேரில் ஆசிரியர்கள் இருப்பார்கள், பேருந்து ஓட்டுநர்கள் இருப்பார்கள், பாட்டிகள் இருப்பார்கள். அவர்களை என்ன செய்வது?

முதுகுத்தண்டு நீரும் அப்படியே. இரண்டு கூட்டங்களின் சராசரி வேறுபடலாம், ஆனால் தனி ஆட்களின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒருவரின் எண்ணை மட்டும் கொடுத்து இவர் யார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இந்த முடிவுகள் இன்றும் நிற்கின்றனவா?

தளர்ந்துதான் நிற்கின்றன. 2013-ல், அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 175 மாதிரிகள், 6,500-க்கு மேற்பட்டவர்கள். செரோடோனின் குறைவுக்கும் ஆக்ரோஷத்துக்கும் உள்ள தொடர்பு இருக்கிறது, ஆனால் சின்னது. ஒட்டுறவு எண் 0.12 தான். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு என்ற அளவுகோலில் இது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டு நீரை மட்டும் எடுத்தால் தொடர்பு அதைவிடவும் மெலிது.

1979-ல் 26 பேரிடம் அவ்வளவு வலுவாகத் தெரிந்தது ஏன் கரைந்தது? சிறிய மாதிரியில் எதுவும் பெரிதாகத் தெரியும், அது ஒன்று. பின்னால் வந்தவர்கள் உந்துதல் வன்முறை, திட்டமிட்ட வன்முறை என்ற பிரிவைக் கவனிக்காமல் கலந்துகட்டியதும் ஒரு காரணம் என்று பழைய ஆட்கள் வாதாடுகிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, முழு நியாயம் இல்லை. தற்கொலைப் பக்கம், மூர்க்கமான வழிகளோடு உள்ள தொடர்பு இதைவிட நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன்?

விர்க்குனென் குழு 1994-ல் இந்த ஆண் ஹார்மோனையும் செரோடோனின் கழிவையும் சேர்த்துப் பார்த்தது. முதுகுத்தண்டு நீரில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்றால் ஆக்ரோஷம் அதிகம், செரோடோனின் கழிவு குறைவு என்றால் உந்துதல் அதிகம் என்று தனித்தனியாக ஒட்டின. ஒன்று குதிரை, மற்றது கடிவாளம். அவ்வளவுதான் சொல்லலாம்.

மூளையின் எந்தப் பகுதி இதில் சம்பந்தப்பட்டது?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. 1997-ல் ஏட்ரியன் ரெய்ன், கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, மனநிலை சரியில்லை என்று வாதாடிய 41 பேரை, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்ட மற்ற 41 பேரைவிட முன்மூளை குறைவாகச் சர்க்கரையை எரித்தது. அடுத்த ஆண்டு அவர்களில் சிலரைப் பிரித்துப் பார்த்தபோது, ஆத்திரத்தில் கொன்றவர்களிடம்தான் முன்மூளை மந்தம். வேட்டையாடுவதுபோல் நிதானமாகக் கொன்றவர்களின் முன்மூளை கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே இருந்தது. ஹெல்சிங்கியில் ஊசியில் தெரிந்த அதே பிரிவு கலிஃபோர்னியாவில் ஸ்கேனிலும் தெரிந்தது.

மாத்திரை கொடுத்துச் சரிசெய்ய முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 1976-ல் மைக்கேல் ஷியர்டு அமெரிக்காவில் 66 இளம் கைதிகளில் சிலருக்கு லித்தியம் என்ற மனநல மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார். லித்தியம் எடுத்தவர்களிடம் சிறைக்குள் அடிதடி குறைந்தது. ஆனால் லித்தியம் விளையாட்டு மருந்தல்ல. ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும், அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

செரோடோனினை நரம்பிடைவெளியில் அதிக நேரம் நிற்கவைக்கும் ஃப்ளுவாக்ஸெட்டினை எமில் கொக்காரோ குழு, வெடித்துக் கிளம்பும் கோபக் கோளாறு உள்ள 100 பேரிடம் சோதித்தது. முடிவு 2009-ல் வந்தது. போலி மாத்திரையைவிட நல்ல பலன்தான், ஆனால் கணிசமாகத் தேறியவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் வன்முறைக் குற்றப் பின்னணி உள்ள, எளிதில் உணர்ச்சிவசப்படும் 630 ஆண்களிடம் அதே வகை மாத்திரையான செர்ட்ராலினைச் சோதித்தார்கள். பொதுவான வன்முறைக் குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் குறைவு தெரிந்தது. வீட்டு வன்முறையில் கொஞ்சம் குறைந்தாலும் அது சிறிய விஷயமல்ல.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இந்த வகை மாத்திரைகள் 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு ஆரம்ப நாட்களில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கை அட்டையிலேயே உண்டு. மருத்துவர் பார்வையில்தான் எடுக்க வேண்டும்.

சாப்பாட்டை மாற்றினால்?

இங்கிலாந்தில் எய்ல்ஸ்பரி இளையோர் சிறையில் பெர்னார்டு கெஷ் 231 பேருக்கு விட்டமின், தாதுப்பு, கொழுப்பமில மாத்திரைகளோ போலி மாத்திரையோ கொடுத்தார். 2002-ல் வெளியான முடிவின்படி, சத்து மாத்திரை எடுத்தவர்கள் சிறை விதிமீறலில் 26 சதவீதம் குறைவு. பிறகு நெதர்லாந்திலும் ஏறக்குறைய அதே திசையில் முடிவு வந்தது. செலவு குறைவு, கெடுதல் இல்லை. சிறைச் சமையலறைக்குப் பணம் ஒதுக்க இது போதுமான காரணம் என்பேன். வாழைப்பழம் சாப்பிட்டால் செரோடோனின் ஏறிக் கோபம் தணியும் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தி வேறு ரகம். வாழைப்பழத்தில் இருக்கும் செரோடோனின் மூளைக்குப் போகவே போகாது.

நீதிமன்றத்தில் 'என் மூளை ரசாயனம்தான் காரணம்' என்று தப்பிக்க முடியுமா?

தப்பித்தவர் அபூர்வம், தண்டனை குறைந்தவர் உண்டு. இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் ஒரு கொலை வழக்கில், எம்.ஏ.ஓ.ஏ. மரபணு வகையைச் சுட்டிக்காட்டித் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் டென்னசியில் ஒரு நடுவர் குழு, அதே மரபணுவையும் சிறுவயதுக் கொடுமையையும் கேட்டபின், திட்டமிட்ட கொலை என்ற தீர்ப்பைத் தவிர்த்துக் குறைந்த குற்றப்பிரிவில் தண்டித்தது. அப்போதும் அந்த ஆளுக்குக் கிடைத்தது பல பத்தாண்டுச் சிறை.

2012-ல் அமெரிக்க நீதிபதிகள் 181 பேரிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். குற்றவாளியின் மூளைக் காரணத்தை விளக்கியபோது சராசரித் தண்டனை ஏறக்குறைய 14 ஆண்டிலிருந்து 13 ஆண்டுக்கு இறங்கியது. நீதிபதிகளில் பலர் இதே தகவலைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகவும் பார்த்தார்கள். இவனை மாற்ற முடியாது என்றால் வெளியே விடுவது எப்படி என்பது அவர்கள் வாதம். வக்கீல்கள் இந்தக் கத்தியை எடுக்கும் முன் இருபுறமும் பார்ப்பது நல்லது.

என் கருத்து இது: ஒரு கூட்டத்தின் சராசரியை வைத்து ஒரு தனி ஆளின் அந்த ஒரு இரவை விளக்க முடியாது. நீதிமன்றத்தில் அந்த மனிதரின் குழந்தைப் பருவத்தைப் பேசலாம், குடியைப் பேசலாம், தலையில் பட்ட காயத்தைப் பேசலாம். முதுகுத்தண்டு நீர் அங்கே வர வேண்டிய அவசியமில்லை.

கைதிகளிடம் ஊசி போட்டு நீர் எடுப்பது சரியா?

சம்மதம் வாங்கித்தான் செய்தார்கள். ஆனால் தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஒருவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடும் தலைவலி வருவதும் சகஜம். இன்று இப்படிப்பட்ட ஆய்வுகள் குறைந்து, ஸ்கேனும் மரபணுவும் அந்த இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டிலேயே இப்படி ஒருவர் இருக்கிறார். நொடியில் வெடிக்கிறார், பிறகு தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார். என்ன செய்வது?

ரசாயனத்தை விடுங்கள், முதலில் கைக்கு எட்டும் பொருட்களைப் பாருங்கள். பூச்சிமருந்து, மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரைகள், கூர்மையான கருவிகள் ஆகியவற்றை வீட்டைவிட்டு அகற்றுங்கள், அல்லது பூட்டி வையுங்கள். உந்துதல் சில நிமிடங்களில் வடியக்கூடியது. அந்த நிமிடங்களில் பொருள் கையில் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பும். போதையில் இருக்கும்போது புத்திமதி சொல்லவோ பழைய கணக்கைப் பேசவோ வேண்டாம். அடிப்பார் என்று பயம் இருந்தால் குழந்தைகளோடு வெளியேறிவிடுங்கள். பொறுமை காட்டுகிறேன் என்று அங்கேயே நிற்கத் தேவையில்லை.

அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடி மீட்பையும் அங்கேயே கேட்கலாம். வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய்ப் பேசினாலும் வழி சொல்வார்கள். இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. உயிருக்கு ஆபத்து என்றால் இந்தியாவில் 108, 112.